சூரிச் மாமியும் டெக்சாஸ் அக்கோடியனும்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சேலைச் சட்டை தைக்கிற மிருணாளினியை முகத்தால் தெரியாதவர்களுக்குக்கூடக் குரலால் தெரியும். கிழமை நாட்களில் அவள் ஒரு புடவைக் கடையின் பின்னறையில், கழுத்தில் அளவு நாடாவும் வாயில் இரண்டு குண்டூசியுமாக இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடிக்கு மூச்சு வாங்க ஏறி, கதிரொலி வானொலியின் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, பிறந்தநாள் வாழ்த்தும் கலியாண வாழ்த்தும் மரண அறிவித்தலும் வாசிப்பாள். சம்பளம் ஒரு பிளேன் ரீ. ஆனால் பாண் கடை வரிசையில் நின்று அவள் வாயைத் திறந்தால் போதும், முன்னால் நிற்கிற தமிழ் ஆள் திரும்பி, ரேடியோவில் வருகிறவ நீங்கள்தானே என்று கேட்பார். அந்தக் கேள்வியில் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. ஏன் இருக்கக் கூடாது?

குரல்தான் அவளுடையது. வாசிப்பதெல்லாம் மற்றவர்கள் வீட்டு நல்லது கெட்டது. அவளுக்கென்று அந்த வானொலியில் இருந்தது அரை மணித்தியாலம். வாழ்த்து நேரத்துக்கு முன்னால், ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை, அவள் தெஹானோ பாட்டுப் போடுவாள்.

அது என்ன தெஹானோ என்று கேட்காத ஆள் லா சப்பலில் இல்லை. டெக்சாஸில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மெக்சிக்கோக்காரர்களின் பாட்டு அது. அந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மன்காரர்களிடமிருந்து அக்கோடியனையும் துள்ளல் தாளத்தையும் எடுத்து, பன்னிரண்டு நரம்பு போட்ட தடித்த கிற்றார் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, காதலி விட்டுப்போன கதையை ஸ்பானிய மொழியில் பாடுவார்கள். பாடுகிறவன் அழுவான், தாளம் ஆடச் சொல்லும். நடுவில் சந்தோஷம் தாங்காமல் ஒருவன் "ஆய்ய்ய்ய்" என்று நீட்டிக் கத்துவான். அந்தக் கத்தல் இல்லாவிட்டால் பாட்டில் உப்பில்லை.

பாரிஸில் சட்டை தைக்கிறவளுக்கு இது எப்படிக் கிடைத்தது? பிள்ளைப்பேறு பார்க்கப் போன இடத்தில் கிடைத்தது. சில வருடங்களுக்கு முன்னால் தங்கை சுபாங்கிக்கு சான் அன்டோனியோ நகரத்தில் தலைப்பிள்ளை பிறந்தது. அக்காக்காரி போகாமல் வேறு யார் போவது? கொத்தமல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்துத் திரித்த சரக்குத்தூளைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டி, விமான நிலையத்தில் அதை மோந்து பார்த்துத் தும்மியவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி, மிருணாளினி போய் இறங்கினாள். பிள்ளை நல்ல பிள்ளைதான், பின்னேரம் மட்டும் வீட்டை இரண்டாக்கிவிடும். தூக்கினாலும் அழுகை, கிடத்தினாலும் அழுகை. பக்கத்து வீட்டு எஸ்தெலா என்கிற பெண்மணி முற்றத்தில் இறைச்சி வாட்டும்போது ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். அந்த ஊரின் உள்ளூர் நிலையம். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கோடியன் தொடங்கியதும் பிள்ளை கப்சிப்.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் மிருணாளினி பிள்ளையோடு வேலியோரம் கதிரை போட்டாள். அறிவிப்பாளர் பாதி ஸ்பானியத்திலும் பாதி ஆங்கிலத்திலும் வெளுத்து வாங்குவார். நம்மவர்கள் பாதி தமிழும் பாதி பிரெஞ்சுமாகப் பேசுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. அவளைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அந்த மனிதர் பெயர் வாசித்தார். இந்தப் பாட்டு இன்னாருடைய மகளுக்கு, மருமகனுக்கு, ஹூஸ்டனில் இருக்கிற மாமாவுக்கு, இராணுவத்தில் இருக்கிற பேரனுக்கு. இது நம்முடைய வாழ்த்து நேரமல்லவா! உலகத்தின் மறு பக்கத்தில், மிளகாய் தின்கிற இன்னொரு கூட்டம், ரேடியோவில் தன் பெயர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் நிறைந்தது. திரும்பி வரும்போது அவளுடைய போர்த்தாபிள் போனில் பிள்ளையின் படங்களைவிடப் பாட்டுகள் கூட இருந்தன.

கதிரொலியைத் தொடங்கியவர் நெடுஞ்செழியன் அண்ணை. பகலில் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் மேலாளர், மீதி நேரமெல்லாம் வானொலி. யாராவது ழகரத்தை நழுவவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அக்கோடியனைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். மெட்ரோ இரண்டாம் லைனில் ஏறி ஒரு பாட்டை வாசித்துவிட்டுக் குவளையை நீட்டுகிறார்களே, அதையா தமிழ் வானொலியில் போடச் சொல்கிறீர் என்று கேட்டார். மிருணாளினி விடவில்லை. ஐந்து மணிக்கு எப்படியும் பழைய நிகழ்ச்சியைத்தானே திரும்பப் போடுகிறோம் என்று கெஞ்சிக் கூத்தாடி அந்த அரை மணித்தியாலத்தை வாங்கிவிட்டாள்.

வாங்கியது பெரிதில்லை. தொலைபேசி அடிக்க வேண்டுமே! நம்மவர்கள் ரேடியோவுக்கு எதற்குத்தான் எடுக்கமாட்டார்கள்? மழை பெய்தால் எடுப்பார்கள், மெட்ரோ நின்றால் எடுப்பார்கள், அறிவிப்பாளருக்குத் தடிமன் என்றால் கைமருந்து சொல்ல எடுப்பார்கள். மிருணாளினியின் அரை மணித்தியாலத்தில் மட்டும் தொலைபேசி பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும். பாட்டின் பெயர் தெரியாது, பாடுகிறவன் பெயர் வாய்க்குள் நுழையாது, எதைச் சொல்லிக் கேட்பது? அவளும் தன்னால் ஆனதைச் செய்தாள். எஸ்தெலாவின் கதை சொன்னாள், அக்கோடியன் டெக்சாஸுக்கு வந்த கதை சொன்னாள், பாட்டுகளுக்குத் தானே வேலிப் பாட்டு, கோபக்காரி பாட்டு என்று பெயர் வைத்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலியைக் கவனிக்கிற வலன்ரைன் காலால் தாளம் போடுவார். அவரைத் தவிர வேறு யாராவது கேட்கிறார்களா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கோடை விடுமுறை, அதுதான் வக்கான்ஸ், தொடங்கி ஊர் பாதி காலியான ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெடுஞ்செழியன் அண்ணை மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"தேர் மட்டும் பாப்பம், மிருணா. அதுக்குள்ள ஒராளெண்டாலும் இந்தப் பாட்டு வேணுமெண்டு கேட்டு எடுத்தா இருக்கட்டும். இல்லாட்டி அந்த நேரத்தைச் சாத்திரம் சொல்லுறவருக்குக் குடுப்பம்."

லா சப்பல் பிள்ளையார் கோயில் தேர் ஆவணிக் கடைசியில். அவள் வீட்டுக்கு நடந்தாள். இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் பீட்சா போடுகிற கணவர் சிவதரன், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கேனும் ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டார். மகள் கனிஷ்கா, அந்தப் பாட்டை இணையத்தில் எப்போதும் கேட்கலாமே அம்மா என்று பிரெஞ்சில் சொன்னாள். கேட்கலாம்தான். ஆனால் தனியே காதுக்குள் மாட்டிக் கேட்பதும், ரேடியோவில் போட்டு ஊரோடு கேட்பதும் ஒன்றா? கடையில் அவள் மற்றவர்களின் அளவுக்குத் தைத்தாள். வீட்டில் மற்றவர்களின் வாய்க்குச் சமைத்தாள். வானொலியில் மற்றவர்களின் பெயரை வாசித்தாள். தனக்குப் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவள் செய்தது அந்த அரை மணித்தியாலம்தான். அதுவும் போகப் போகிறது என்று நினைக்க அவளுக்கு அழுகையே வந்தது.

அழுது முடித்ததும் ஒரு குறுக்கு வழி தோன்றியது. வாழ்த்து நேரத்தில் வாசிக்க வேண்டிய ஒரு பிறந்தநாள் வாழ்த்தை எடுத்துத் தன் அரை மணித்தியாலத்துக்குள் வைத்தால் என்ன? வாழ்த்துக்காகவேனும் ஒரு குடும்பம் கேட்கும். கேட்டால் பாட்டும் காதில் விழும்.

அகப்பட்டது பியர்ஃபித்தில் இருக்கிற அஷ்வத் என்கிற குட்டிப் பையனின் முதலாவது பிறந்தநாள். அந்த வீட்டாருக்குப் போன் செய்து, உங்கள் வாழ்த்து இந்த முறை ஐந்து மணிக்கே வரும் என்று அறிவித்தும் விட்டாள்.

நம்முடைய பிறந்தநாள் வாழ்த்து எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அடுத்து நடந்ததன் பாரதூரம் விளங்கும். முதலில் அப்பா, அம்மா. பிறகு உடன்பிறந்தவர்கள், அம்மப்பா, அம்மம்மா, அப்பப்பா, அப்பம்மா. பிறகு நாடு நாடாக: லண்டனிலிருந்து பெரியப்பா குடும்பம், ரொறன்ரோவிலிருந்து தாய்மாமன் குடும்பம், நோர்வேயிலிருந்து சித்தி குடும்பம். ஒரு பெயர் விடுபட்டால் விடுபட்டவர் அடுத்த கலியாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அந்தக் கோபம் தீர இன்னொரு கலியாணம் நடக்க வேண்டும்.

மிருணாளினி வலன்ரைனுக்குக் கை காட்டினாள். அக்கோடியன் குதித்துக்கொண்டு தொடங்கியது. அதன் மேல் அவள் அழகாக, நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டு போனாள். அப்பா வந்தார், அம்மா வந்தார், லண்டன் வந்தது, ரொறன்ரோ வந்தது, நோர்வே வந்தது. பாடகர் தொடங்குமுன் வருகிற முன்வாசிப்பு இன்னும் இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். "சுவிஸிலிருந்து" என்று தொடங்கி மூச்சு எடுத்தாள். அந்த இடைவெளிக்குள் பாட்டுக்காரன் "ஆய்ய்ய்ய்ய்" என்று ஒரு கத்தல் கத்திக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டான். பாடகர் பாடத் தொடங்கினால் அறிவிப்பாளர் வாயை மூட வேண்டும் என்பது நெடுஞ்செழியன் அண்ணையின் சட்டம். அவள் வாயை மூடினாள்.

சூரிச் நகரத்தில் தாமரைச்செல்வி மாமி, பிள்ளையின் அப்பாவோடு கூடப்பிறந்த ஒரே சகோதரி, சினேகிதிகள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு வைத்து, வடையும் சுட்டு, போனை நடு மேசையில் வைத்துவிட்டுத் தன் பெயருக்காகக் காத்திருந்தார். சுவிஸிலிருந்து என்று கேட்டது. எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். அப்புறம் ஆய்ய்ய்ய் என்று கேட்டது.

அந்த அரை மணித்தியாலத்தில் முதல்முதலாகத் தொலைபேசி அடித்தது.

"பிள்ளைக்கு இருக்கிற ஒரேயொரு சொந்த மாமி நான். எல்லாருக்கும் பேர் சொல்லிப்போட்டு, எனக்கு மட்டும் நாயை மிதிச்ச மாதிரிக் கத்தி விடுறியளோ?"

மிருணாளினி மன்னிப்புக் கேட்டாள். வாழ்த்து நேரத்தில் இன்னொரு தரம் வாசிக்கிறேன் என்றாள். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. வேறு நேரத்தில், வேறு பாட்டோடு வாசித்தால் அது கணக்கில்லையாம். எந்தப் பாட்டில் தன்னை அவமானப்படுத்தினார்களோ அதே பாட்டில், அதே ஐந்து மணிக்கு, தன் பெயரை முதலில் வாசிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் தம்பி வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டாராம். நெடுஞ்செழியன் அண்ணை தலையில் கை வைத்தார். ஆனால் ஒரு குடும்பத்தைப் பிரித்த வானொலி என்று பெயர் எடுக்க அவருக்கு விருப்பமில்லை. அந்தக் கண்றாவிப் பாட்டை இன்னொரு முறை போட்டுத் தொலையும் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சூரிச் மாமி முதலாவதாக வந்தார், முழுப் பெயரோடு, கணவர் பிள்ளைகள் பெயரோடு. மாமி குளிர்ந்துபோனார். கொதித்தது ரொறன்ரோ. தகப்பன் பக்கத்து மாமிக்கு முதலிடமா, தாய்மாமன் என்ன இளக்காரமா? பிள்ளைக்குக் காது குத்தும்போது யாருடைய மடியில் இருத்துவீர்கள் என்று பார்க்கலாம் என்று அங்கிருந்து போன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு ரொறன்ரோ முதலில். பாட்டு அதே பாட்டு. நோர்வேச் சித்தி சும்மா இருப்பாவா?

லா சப்பலில் ஒரு குடும்பச் சண்டை வாழைக்காய் வாங்குகிற இடத்தில் தொடங்கினால் தலைமுடி வெட்டுகிற கடைக்குப் போய்ச் சேர ஒரு பின்னேரம் போதும். இதில் இன்றைக்கு யார் முதலில் என்று அறிய, சம்பந்தமே இல்லாத சனமெல்லாம் ஐந்து மணிக்கு ரேடியோவைத் திருப்பத் தொடங்கியது. கேட்கக் கேட்கப் பாட்டும் காதில் ஒட்டிக்கொண்டது. மீன் கடையில் அதை விசிலடித்தார்கள். பிறகு மற்றக் குடும்பங்களும் எடுக்கத் தொடங்கின. எங்கள் பிள்ளைக்கும் அந்தச் சூரிச் மாமிப் பாட்டைப் போடுங்கோ என்றார்கள். தேருக்கு இன்னும் சில கிழமை இருந்தது. தொலைபேசி ஓயவில்லை.

நெடுஞ்செழியன் அண்ணைக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. சாத்திரக்காரருக்குச் செவ்வாய்க்கிழமையைக் கொடுத்துவிட்டார். மிருணாளினிக்கு முழு மணித்தியாலமே தருகிறேன் என்றார். கூடவே ஒன்று சொன்னார். சனத்துக்குப் பிடித்தது அந்த ஒரு பாட்டுத்தானே, அது காணும், மற்றதுகளும் டெக்சாஸ் கதைகளும் வேண்டாம், அந்த நேரத்துக்குள் இன்னும் நான்கு வாழ்த்து வாசிக்கலாம்.

அவள் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மணித்தியாலத்துக்குள் அவளுடையது என்று ஒன்றும் இல்லை. இரண்டு ஞாயிறு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதன் மேல் பெயர் வாசித்து, வீட்டுக்கு வந்தாள். நல்ல பாட்டுத்தான், இப்போது அது தொடங்கினாலே எப்போது முடியும் என்று அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். வலன்ரைனின் கால்கூட ஆடுவதை விட்டுவிட்டது. சாத்திரக்காரர் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரேயடியாக முடிந்திருக்கும் என்று சிவதரனிடம் சொல்லிக் கண்ணைக் கசக்கினாள்.

அந்தக் கிழமை கடைக்கு ஒரு பெண் வந்தாள். தம்பியின் கலியாணத்துக்குச் சட்டை. முதுகில் மயில் வைத்து, கையில் கண்ணாடி பதித்து, நல்ல வடிவான வேலை. அளவெடுத்து முடிந்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, எல்லோரும் சொல்கிறதையே சொன்னாள்: "அக்கா, இந்த மயிலை வேறை ஒருத்தருக்கும் தைச்சுக் குடுத்திடாதேங்கோ."

இருபது வருடமாக அவள் கேட்டுவருகிற வசனம். நம்முடைய பெண்கள் மண்டபத்தில் இன்னொருத்தி அதே சட்டையோடு நிற்பதைக் கண்டால் சோறு தின்னாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிருணாளினி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு தனக்குத்தானே சிரித்தாள். அந்தப் பெண் தன் மயிலைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று பயந்துபோனாள்.

ஞாயிறு வந்தது. நான்கு குடும்பம் சூரிச் மாமிப் பாட்டுக் கேட்டுக் காத்திருந்தது. மிருணாளினி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்து, மரண அறிவித்தல் வாசிக்கிற நிதானத்தோடு சொன்னாள்:

"அன்பான நேயர்களே, நீங்கள் கேட்கிற அந்தப் பாட்டு பியர்ஃபித் அஷ்வத் குடும்பத்தாருக்குரியது. அவர்களுக்கு ஒருமுறை கொடுத்த பாட்டை இனி இன்னொரு வீட்டாருக்குக் கொடுப்பது முறையல்ல. இன்றிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டு. ஒரு வீட்டுக்குப் போனது மற்ற வீட்டுக்குப் போகாது. இப்போது சில பாட்டுகள் வருகின்றன. இன்னும் யாருக்கும் போகாதவை. கேட்டுப் பாருங்கள்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெடுஞ்செழியன் அண்ணை நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். அவர் வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான். வலன்ரைன் அவரைத் திரும்பிப் பாராமல் அடுத்த பாட்டைப் போட்டுவிட்டார். ஒரு பாட்டு முழுக்க ஓடியது. தொலைபேசி மூச்சுக் காட்டவில்லை. இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனோ என்று மிருணாளினி தொலைபேசியையே பார்த்தாள்.

பிறகு அடித்தது. சூரிச். வேறு யார்?

"நீர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி பிள்ளை. அது எங்கட பாட்டு. கண்ட கண்ட ஆக்களுக்கெல்லாம் போடுறியள் எண்டு நானே எடுத்துப் பேசத்தான் இருந்தனான்."

மாமி வைத்ததும் மற்ற அழைப்புகள் வரிசை கட்டின. ஒரு வீட்டுக்காரருக்கும் இன்னொரு வீட்டுப் பாட்டு வேண்டாம். இப்போது போனது யாருக்கும் கொடுத்தாயிற்றா? அதற்கு முதல் போனது, அக்கோடியன் விக்கி விக்கி அழுததே, அது மிச்சம் இருக்கிறதா? இதைவிட வேகமானது ஏதும் வருமா, நாங்கள் பொறுத்திருந்து எடுக்கிறோம். கடை அலமாரியில் சேலையை ஒவ்வொன்றாக இறக்கச் சொல்வதுபோலப் பாட்டு இறக்கச் சொன்னார்கள். எடுக்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்டார்கள், முழு மணித்தியாலமும் இருந்து கேட்டார்கள். யார் பாடியது, எந்த ஊர், என்ன கதை என்றும் கேட்டார்கள், ஏனென்றால் விருந்தினர் கேட்டால் சொல்ல வேண்டுமே. மார்க்ஸ் டோர்மோயில் இருக்கிற, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்த புதுச்சேரிக்காரி மர்கரீத் அம்மா, தன் எழுபதாவது பிறந்தநாளுக்கு வால்ஸ் தாளத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்டு எடுத்தார். அது ரேடியோவில் வந்தபோது தன் வீட்டுக்காரரை எழுப்பிக் குசினிக்குள் ஒரு சுற்று ஆடியதாகப் பிறகு சொன்னார். தேர் அன்றைக்குத் தேங்காய் உடைக்கிற இடத்தில் இரண்டு பெண்கள் மிருணாளினியை மறித்து, தங்கள் வீட்டுப் பாட்டுகளில் எது வடிவு என்று தீர்ப்புக் கேட்டார்கள். அவள் பிள்ளையாரைக் காட்டித் தப்பி ஓடினாள்.

அவளுக்கு இப்போது வேலை இரட்டிப்பு. ஒவ்வொரு கிழமையும் புதிதாகத் தேட வேண்டும். சட்டைக்கு ஊக்கு வைத்துக்கொண்டே காதில் பாட்டு, மெட்ரோவில் பாட்டு, குழம்பு கொதிக்கும்போது பாட்டு. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து சிவதரன் கண்டதில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, நிகழ்ச்சி முடிந்ததும் நெடுஞ்செழியன் அண்ணை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் கொண்டாட்டம் வருகிறது என்றார். அவர் இப்படித் தயங்கிப் பேசி அவள் பார்த்ததில்லை. பேத்திக்கு ஒரு பாட்டு வேண்டுமாம். எதுவென்றும் அவரே வைத்திருந்தார். நிகழ்ச்சி தொடங்க முன்னம் நீர் சும்மா போட்டுக் கேட்கிறீரே ஒரு மெதுவான பாட்டு, அது வேண்டும் என்றார்.

மிருணாளினிக்குத் திக்கென்றது. அந்தப் பாட்டை அவள் இதுவரை ஒலிபரப்பியதில்லை. சான் அன்டோனியோவில் ஒரு பகல், தங்கையும் பிள்ளையும் தூங்கிய நேரம், சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து வந்த பாட்டு அது. தண்ணீரை மூடிவிட்டு, ஈரக் கையோடு, அது முடியும்வரை நின்று கேட்டாள். ஒரு பாட்டு நீளத்துக்கு ஒரு வேலையும் செய்யாமல் நின்றது அவளுடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அது தர ஏலாது அண்ணை" என்றாள்.

ஆருக்கோ போய்விட்டதாக்கும் என்று அவர் நினைத்தார். எந்த வீடு என்று கேட்டார்.

"எங்கட வீடு. அது என்ரை பாட்டு."

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த மனிதரிடம் அவள் இல்லை என்று சொன்னதில்லை. கோபப்படப்போகிறார் என்று அவள் நினைக்க, அது எப்போது ஒலிபரப்பானது, நான் கேட்கவில்லையே என்றார். இன்னும் இல்லை என்று அவள் சொன்னாள். மார்கழியில் தன் பிறந்தநாளுக்குப் போடலாம் என்று வைத்திருக்கிறாள். அப்படியென்றால் வாழ்த்தை யார் வாசிக்கிறது என்று அவர் கேட்டார்.

அதை அவள் யோசிக்கவேயில்லை. ஊர் உலகத்தின் பெயரெல்லாம் அவள் வாயால் போயிருக்கிறது, அவளுடைய பெயர் ஒருநாளும் போனதில்லை. வாசிக்கிறவளே வாசிக்கிறவளுக்கு எப்படி வாழ்த்து வாசிப்பது? வீட்டுக்காரருக்கும் அப்படியொன்று செய்யலாம் என்று தோன்றியதில்லை. நெடுஞ்செழியன் அண்ணை பேத்திக்கு வேறு பாட்டு எடுத்துக்கொண்டு போனார். நல்ல துள்ளல் பாட்டு, குழந்தைக்குப் பொருத்தமானது.

மார்கழியில் அவளுடைய பிறந்தநாளை ஒட்டி வந்த ஞாயிறு, அவர் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்தார். அவளைக் கதிரையிலிருந்து எழுப்பி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வலன்ரைனுக்குப் பக்கத்தில், சிவதரனோடும் கனிஷ்காவோடும் இருக்கச் சொன்னார். ஒலிவாங்கிக்கு முன்னால் தான் உட்கார்ந்தார். ஊரெல்லாம் உச்சரிப்புத் திருத்துகிற மனிதருக்கு நெற்றியில் வியர்வை.

அக்கோடியன் மெதுவாகத் தொடங்கியது. அவர் வாசித்தார். லா சப்பலில் வசிக்கும் மிருணாளினி அவர்களை, அன்புக் கணவர் சிவதரன், அன்பு மகள் கனிஷ்கா, சான் அன்டோனியோவிலிருந்து அன்புத் தங்கை சுபாங்கி குடும்பத்தினர். அவ்வளவுதான். தாய் தகப்பன் இப்போது இல்லை. மற்ற வீடுகளில் நாடு நாடாகப் போகிற வாழ்த்து அவளுக்கு ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. பாட்டின் முன்வாசிப்பு இன்னும் நீளமாகக் கிடந்தது. ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறதே என்று மிருணாளினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நெடுஞ்செழியன் அண்ணை கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். செருமிக்கொண்டு, கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார்.

"மார்க்ஸ் டோர்மோயிலிருந்து அண்ணன் நெடுஞ்செழியன், அண்ணி, மருமக்கள், பேத்தி ஆகியோரும் வாழ்த்துகின்றனர்" என்று வாசித்து முடித்தார். பாட்டுக்காரன் அதற்குப் பிறகுதான் பாடத் தொடங்கினான்.

மிருணாளினி வலன்ரைனுக்கு முன்னாலேயே, மகளுக்கு முன்னாலேயே, முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பாட்டு முடியும்வரை அவள் ஒரு வேலையும் செய்யவில்லை.